மாட்டறுந்த நூல்கள்

(திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில், தமிழாசிரியரும் அச்சகத்தாரும் ஆய்வு மாணவரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)

    

வேங்கிக்கால் என்னும் இவ்வூர்ப்பெயரின் முற்பகுதி பற்றிய ஆராய்ச்சி இன்று வேண்டா. பிற்பகுதியாகிய கால் என்னுஞ் சொல்லுக்கு நீரோடும் வழி என்பது ஒரு பொருள். வாய்க்காலில் நிற்கும் காலும் அதுவே. ஏரியிற் புறப்பட்ட கால் கழனியைச் சென்று சேர்தல் வேண்டும். இடையில் தூர்ந்துபோயின், ஏரி நிரம்பிக் கிடந்தும் பயிர் காயும். நூலுக்குள்ளும் இத்தகைய கால்கள் உண்டு. 'இதன் விரிவை நான்காம் இயலிற் காண்க', 'மேலே 7ஆம் பட்டியலிற் காட்டியவாறு', 'பக்கம் 112 பார்க்க' என்றெல்லாம் நூலாசிரியன் வெட்டி வைக்கும் கால்களே அவை. படிப்பவன் அவ்வழியே சென்று, அங்கே ஒன்றுமில்லாமல் திரும்புகின்ற இழிநிலை இன்று தமிழ் நூல்களிற் பெருகி வருகின்றது. அதனைக் கண்டுபிடித்துக் களையும் வழி யாது என்பதே இன்றைய பேச்சு.

இஃது ஏதோ ஆய்வுநூல் எழுதுவார்க்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணற்க. இவ்வூரிலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கின்றது. அங்கிருந்தும், அதுபோன்ற எல்லா அலுவலகங்களிலிருந்தும் புறப்படும் மடல்களின் தலைப்பில் 'பார்வை' என்று ஒரு பகுதி இருக்கும். அதன்கீழ் 1, 2, 3 என எண்ணிட்டு, முன்சென்ற ஆணைகளும் மடல்களும் வரிசைப்படுத்தப்படும். உடற்பகுதியில் 'பார்வை 2இற் கண்ட ஆணையின்படி' என்று எழுதுவர். வரைவைத் திருத்தும்போது முதற் பார்வையை நீக்கிவிட்டால் என்னாகும்? இரண்டாவது முதலாவதாகும், மூன்றாவது இரண்டாவதாகும். உடற்பகுதியிலுள்ள எண்ணோ கையால் அடித்தது, அது மாறாது. 'பார்வை 3இன்படி' என்று மடல் சொல்லும். மேலே மூன்றாம் பார்வையே இராது. ஓய்வூதியத்திற்கோ நிலப்பட்டாவிற்கோ காத்திருக்கும் எளியவன் ஒருவனின் கோப்பு, இந்த ஓர் எண்ணுக்காக மேசை மேசையாகத் திரும்பக்கூடும். எழுத்தில் நேரும் பிழை வயிற்றைச் சுடும் இடம் இது.

ஓரிடத்திற் படிப்பவனை மற்றோரிடத்திற்கு அனுப்பும் இவ்வமைப்பிற்கு ஆங்கிலத்தில் ஒரு கூட்டுச்சொல் உண்டு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'குறுக்குக் குறிப்பு' என்று எழுதுவார் பலர். குறுக்கே கிடப்பது யாது? எதற்குக் குறுக்கே? வீட்டிற் பொன் இருப்பது அறியாமல் தெருவில் இரந்துண்பார் போல்வர் இவர். தொல்காப்பியத்திலேயே இதற்குப் பெயர் உண்டு. அது மாட்டு. செய்யுளியலிற் கூறப்பெறும் 34 உறுப்புகளுள் மாட்டும் ஒன்று. பொருள் சேய்மையிற் கிடந்தாலும் அண்மையிற் கிடந்தாலும் அதனைக் கொணர்ந்து பொருத்தி முடிப்பது அதன் இயல்பு. இலக்கண நூற்பாக்களை விளக்கப் புகுந்த உரையாசிரியர்களோ, ஒரு நூற்பாவின் முடிபை மற்றொன்றற்கும் ஏற்றியுரைப்பதை மாட்டேறு என்றே வழங்கினர். கொக்கியில் மாட்டுதல் என்னும் உலக வழக்கும் இதனோடு ஒத்துச் செல்கின்றது.

தொல்காப்பியர் எவ்வாறு மாட்டினார் என்பதையும் காண்க. மண் என்பதன்முன் குடம் வந்தால் மட்குடம் ஆகும். ணகர ஈறு வேற்றுமைப் பொருளில் வல்லெழுத்து வருமிடத்து டகரமாதலை அவர் புள்ளிமயங்கியலில் விரித்துக் கூறினார். பின்னர் ளகர ஈற்றுக்கு வருகின்றார். முள், குறை என்னும் இரண்டும் சேர்ந்து முட்குறை ஆதலும் அதே போன்றதன்றோ? எனவே மீண்டும் விரிக்காமல், ளகர ஈறு ணகர ஈற்றின் இயல்பினது என்று மாட்டிவிட்டுச் செல்கின்றார். லகர ஈற்றை னகர ஈற்றோடு மாட்டியதும் அவ்வாறே. ஓலையும் எழுத்தாணியும் கொண்டு எழுதியவர்க்குச் சொற்சுருக்கம் உயிர்போன்றது. ஆனால் ஏடு பெயர்த்தெழுதுவோன் ஒருவன் ணகர நூற்பாவை விட்டுவிட்டான் என்று வையுங்கள். இழந்தது ஒரு நூற்பாவா? ளகர நூற்பாவும் அதனோடு செத்தது. மாட்டின் வலிமையும் அதுவே, மென்மையும் அதுவே.

இன்னும் உண்டு. மரபியலில் வரும் 32 உத்திகளுள் 'மொழிவாம் என்றல்', 'கூறிற்று என்றல்' என்னும் இரண்டைத் தனித்தனியே பெயரிட்டு வைத்தார் தொல்காப்பியர். இனிச் சொல்லப்போவதைச் சுட்டுவது முன்னையது. முன்னர்ச் சொன்னதைச் சுட்டுவது பின்னையது. நன்னூலார் இவற்றை 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்பார். 'மாட்டெறிந் தொழுகல்' என்பதனையும் உத்திகளுள் ஒன்றாக எண்ணினார். நூலுக்குள் முன்னோக்கும் மாட்டு, பின்னோக்கும் மாட்டு என்னும் பாகுபாட்டை இத்துணைத் தெளிவாகக் கண்டு பெயரிட்ட இனம், இன்று தன் நூலில் 'பக்கம் 000 பார்க்க' என்று அச்சிட்டு வெளியிடுகின்றது!

அச்சொற்றொடர் நகைப்புக்காகச் சொன்னதன்று. ஈய எழுத்துக் கோத்த காலத்தில், பக்கம் கட்டி முடியும் வரையில் பக்க எண் தெரியாது. ஆகவே எண் வரவேண்டிய இடத்திற் சுழிகளை அடுக்கி வைத்து, இறுதி மெய்ப்பில் எண்ணிட்டு நிரப்புவது அச்சுலக வழக்கம். நிரப்ப மறந்த சுழி அப்படியே அச்சேறும். அக்காலப் பதிப்பாளர் மானமுள்ளவர். நூலின் இறுதியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு தாளேனும் ஒட்டி, தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டனர். இக்காலத்தில் அத்தாளும் அருகிவிட்டது.

மாட்டறுந்தால் எத்துணை உழைப்பு வீணாகும் என்பதற்கு உ. வே. சாமிநாதர் பட்ட பாடே சான்று. சிந்தாமணிக்கு உரை வரைந்த நச்சினார்க்கினியர், மேற்கோள் பலவற்றை நூற்பெயர் சுட்டாது, பிறரும் கூறினார் என்னும் அளவிற் காட்டிச் சென்றார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அது போதும். அந்நூல்கள் அவர்தம் நெஞ்சில் இருந்தன. சில நூற்றாண்டுகள் கழிந்து சாமிநாதர் கையில் அவ்வுரை கிடைத்தபோதோ, அம்மேற்கோள்கள் எங்கிருந்து வந்தன என்று காட்டுவார் ஒருவரும் இலர். பத்துப்பாட்டு ஏட்டைக் கண்டபோது அவற்றுட் சில இன்ன பாட்டிற்குரியன என்று விளங்கியதை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1887இற் சிந்தாமணியும் 1889இற் பத்துப்பாட்டும் அவர் பதிப்பாக வெளிவந்தன. எல்லா மாட்டும் அவ்வாறு பொருந்திவிடவில்லை. உரைகளிற் பெயரளவிலும் மேற்கோளளவிலும் நின்று, நூல் அழிந்துபோனவை மிகப் பல. மயிலை சீனி. வேங்கடசாமியார் 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' அத்தகையவற்றின் கணக்கே. கொக்கி இருக்கின்றது, மாட்டுதற்குரிய பொருள் மண்ணோடு மண்ணாயிற்று.

நூல் அழியாமல் இருந்தும் மாட்டுத் தவறுவது வேறொரு வகை. 'தொல். சொல். 400' என்று ஒருவர் எழுதுகின்றார். எவருடைய உரைப்படி 400? சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர் கொண்ட நூற்பா 456. சேனாவரையர் கொண்டவை 463. தெய்வச்சிலையார் கொண்டவை 453. ஒருவர் ஒன்றாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகப் பிரித்தார். ஒருவர் இரண்டாகக் கொண்டதை வேறொருவர் ஒன்றாக்கினார். உரையாசிரியர் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தருவது, தெருப்பெயர் சொல்லாமல் வீட்டெண் சொல்வது போன்றது. திருக்குறளிலும் இது நிகழும். இன்று நாடெங்கும் வழங்கும் குறள் எண், பரிமேலழகர் வைப்புமுறையைத் தழுவியது. மணக்குடவர் உரையில் அதிகாரத்திற்குள் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறு. பக்க எண் காட்டுவதோ இன்னும் கேடு. அடுத்த பதிப்பிலேயே அது பொய்யாகிவிடும். பாட்டெண் காட்டியவனின் மாட்டு பதிப்புத்தோறும் உயிரோடிருக்கும்.

இனிக் கணிப்பொறி அச்சுக்கோப்பிற்கு வருவோம். அமெரிக்க நாட்டுக் கணிப்பொறியியற் பேராசிரியர் தொனால்டு கனூத்து, தம் நூலின் மெய்ப்பு அழகற்று வந்தது கண்டு மனம் வெறுத்து, 1977இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். டெக் என்பது அதன் பெயர்; கலை, தொழில்நுட்பம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. தகரத்தை முதலாகக் கொண்டு தெக்கு எனல் தமிழ் மரபுக்கு ஒக்கும். தம் நூல் ஒன்று அழகுற வேண்டும் என்பதற்காகப் பல்லாண்டுகளை ஈந்த அப்பெருமகனின் பிடிவாதம் தமிழ்ப் பதிப்பாளர்க்கு வேண்டுவது. அதன்மேல் இலெசிலி இலாம்போர்ட்டு 1980களில் இலாதெக்கு என்னும் அமைப்பைக் கட்டினார். மாட்டுகளைப் பொறியே எண்ணிட்டு நிரப்பும் வசதி அதில் உண்டு.

அது வேலை செய்யும் முறை எளிது. பொருள் இருக்குமிடத்தில் ஆசிரியன் ஒரு குறி இடுகின்றான். 'புணர்ச்சி' என்று அதற்குப் பெயர் வைத்தான் என்க. சுட்ட வேண்டிய இடத்தில் எண்ணை எழுதாமல், 'புணர்ச்சி' என்னும் குறியை நோக்கி மாட்டுகின்றான். பொறி முதன்முறை ஓடும்போது, எந்தக் குறி எந்த இயலில், எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பதை ஒரு துணைக்கோப்பில் எழுதிவைக்கும். இரண்டாம் முறை ஓடும்போது அக்கோப்பைப் படித்து, மாட்டுள்ள இடந்தோறும் உரிய எண்ணை இடும். நடுவே ஓர் இயலைப் புகுத்தினாலும் நீக்கினாலும் எண்கள் தாமே திருந்தும். அலுவலக மடலிற் கண்ட துன்பம் இங்கில்லை.

துன்பமே இல்லையா? குறி இல்லாத இடத்தை நோக்கி மாட்டினால், பொறி நின்றுவிடாது. அவ்விடத்தில் தடித்த எழுத்தில் இரண்டு வினாக்குறியை அச்சிட்டுவிட்டு மேலே ஓடும். நூற்பட்டியலை நோக்கிய மாட்டு அறுந்தால், பகர அடைப்புக்குள் ஒற்றை வினாக்குறி விழும். குறிப்பேட்டுக் கோப்பில், இன்ன பக்கத்தில் இன்ன மாட்டு வரையறை பெறவில்லை என்று ஓர் எச்சரிக்கையும் எழுதும். அக்கோப்பில் வரி நெருக்கம், இடைவெளி மிகுதி என்று நூற்றுக்கணக்கான வேறு எச்சரிக்கைகளும் கிடப்பதால், அச்சுக்கோப்போர் அதனைத் திறந்தே பாரார். அலுவலகங்களிற் பெருவழக்காயுள்ள வேர்டு மென்பொருளில் நிலைமை இன்னும் நாணத்தக்கது. சுட்டிய இடத்தை யாரேனும் அழித்துவிட்டால், எண் நின்ற இடத்தில், பிழை, சுட்டின் மூலம் காணவில்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் சொற்றொடர் வந்து குந்திக்கொள்ளும். தூய தமிழில் எழுதிய பக்கத்தின் நடுவே அவ்வாங்கில வரி கிடக்க, நூல் கட்டடம் பெற்று, ஆய்வுப்பட்டத்திற்கும் அனுப்பப்படுவதுண்டு.

வினாக்குறியாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழைகளே கொடியவை. நன்னூலார் கூறிய பத்துக் குற்றங்களை வைத்துக்கொண்டு பார்த்தால் இவை நன்கு விளங்கும். குறியில்லா மாட்டு குன்றக் கூறல். ஒரே குறியை இரண்டு இடங்களில் இட்டுவிட்டால் அது மயங்க வைத்தல். அப்பொழுது வினாக்குறி வாராது. பிந்திய இடத்தின் எண் எல்லா மாட்டிலும் அழகாக அச்சாகும். படிப்பவன் முந்திய இடத்திற்குச் செல்ல வேண்டியவன், வேறெங்கோ சென்று நிற்பான். பெரிய நூலைப் பலர் பகுத்துக்கொண்டு எழுதும்போது, ஒவ்வொருவரும் 'முன்னுரை' என்றே குறியிட்டுவிடுவதால் இது பெரிதும் நேரும். இயலின் பெயரையும் சேர்த்துக் குறியிடுதலே காப்பு. படத்திற்கோ பட்டியலுக்கோ குறியிடும்போது, அதன் தலைப்புக்குப் பின் இடாமல் முன்னே இட்டுவிட்டால், படத்தின் எண்ணுக்கு மாறாக அவ்விடத்து இயற்பிரிவின் எண் விழும். இதற்கு எச்சரிக்கையும் இல்லை. பொறியின் கணக்கில் எல்லாம் செவ்வை. இதனை மாறுகொளக் கூறல் எனலாம். யாரும் மாட்டாத குறிகள் நூல் முழுதும் கிடப்பது நின்று பயனின்மை. அவற்றால் படிப்பவர்க்குக் கேடில்லை எனினும், 'மொழிவாம்' என்று சொல்ல நினைத்து ஆசிரியர் மறந்த இடங்களை அவை காட்டிக்கொடுக்கும். ஆளப்படாத குறிகளையும் எண்களையும் பட்டியலிட்டுக் காட்ட இலாதெக்கில் 'ரெப்செக்' என்னும் துணைத்தொகுதியே உண்டு.

இன்னொரு விந்தை. எண்கள் மாறியிருக்கலாம், மீண்டும் ஓட்டுக என்று பொறி சொல்வதுண்டு. அவ்வாறே ஓட்டுவர்; அடங்கிவிடும். எப்பொழுதோ ஒருமுறை அடங்காது. பக்கம் 99 என்பது 100 ஆனதும் ஓரெண் கூடி, வரி நீண்டு, பத்தி அடுத்த பக்கத்திற்குத் தள்ளப்பட்டு, அதனால் வேறெண் மாறி, மீண்டும் 99 ஆகி, இப்படி ஊசலாடிக்கொண்டே இருக்கும். அங்கே சொற்றொடரைச் சிறிது மாற்றி எழுதுவதே மருந்து.

தமிழுக்கே உரிய ஒரு கண்ணியும் உண்டு. இதனை அச்சகத்தார் நன்கு உள்ளத்திற் கொள்க. சோனதன் கியூ என்பார் 2004இல் வெளியிட்ட சீதெக்கு, ஒருங்குகுறி எழுத்துகளை நேரே ஏற்பது. ஆகவே குறிகளைத் தமிழிலேயே இடலாம். ஆங்கில எழுத்தில் 'புணர்ச்சி'யை எழுத வேண்டிய இழிவு இல்லை. கட்டளைப் பெயர்களையுங்கூட 'குறி', 'மாட்டு', 'பக்கமாட்டு' எனத் தமிழில் ஆக்கிக்கொள்ள இடமுண்டு. ஆனால் ஒருங்குகுறியில் ஒகர உயிர்மெய்யின் குறியை இரு வகையாகத் தட்டலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகத் தட்டுவது ஒன்று; கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் தட்டுவது மற்றொன்று. 'தொகை' என்னும் சொல் இரண்டு வகையிலும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். குறி ஒரு வகையிலும் மாட்டு மற்றொரு வகையிலும் அமைந்துவிட்டால், இரண்டு வினாக்குறி வந்து நிற்கும். தமிழாசிரியர் நாள் முழுதும் உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படாது. இருவகை எழுத்தையும் ஒரே வடிவாக்கும் அமைப்பு ஒன்று சீதெக்கிலேயே உண்டு. இயல்பாக அது இயங்காமல் இருக்கும். நூலின் தொடக்கத்தில் அதனை இயக்கிவிடல் வேண்டும். ஆயினும் ஔகாரத்தை எழுதத் தெரியாமல், ஒகரத்தின் பின் ளகரத்தைத் தட்டி 'ஒள' என்று வைப்பார் உளரே, அவர் பிழையை எந்த அமைப்பும் திருத்தாது. ஔகாரமும், ஒகர ளகரங்களும் வேறுவேறு என்பது தொடக்கப்பள்ளிப் பாடம்.

இத்துணையும் ஏன் பேசவேண்டும்? தமிழின் தொன்மையையும் தனித்தன்மையையும் மறுப்பார் உலகில் இன்றும் உளர். பாவாணர் 1974இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தில் முதல் பகுதி வெளிவந்தது 1985இல், அவர் 1981இல் மறைந்த பின்னர். 31 பகுதிகளும் நிறைவுற்றது 2011இல். அகரமுதலியில் ஒரு சொல் தன் வேரை நோக்கியும், வேர் தன் இனச்சொற்களை நோக்கியும் மாட்டியே நிற்கும். அகரப் பகுதி அச்சேறும்போது வகரப் பகுதி இன்னும் கையெழுத்தில்தான் இருக்கும். 'மொழிவாம்' என்று சொன்ன சொல்லைப் பல்லாண்டுகள் கழித்துக் காக்க வேண்டும். சொல்லின் வேர் தமிழே என்று நாட்டுவோர் கையிலுள்ள சான்றெல்லாம் இத்தகைய மாட்டுகளே. மாற்றான் ஒருவன் சுட்டிய எண்ணைத் திறந்து பார்க்கின்றான். அங்கே அந்நூற்பா இல்லை. அவன் அச்சுப்பிழை என்றா எண்ணுவான்? சான்றே இல்லை என்றுதான் எழுதுவான். அவனைக் குறை கூறவும் வழியில்லை.

வேலை செய்யும் முறை இது. குறிப்பேட்டுக் கோப்பில், வரையறை பெறாதவை, இருமுறை வந்தவை என்னும் இருவகை எச்சரிக்கைகளை மட்டும் தேடியெடுத்துப் படியுங்கள். பிறவற்றைப் பின்னர்ப் பார்க்கலாம். இறுதிப் படியில் இரட்டை வினாக்குறியைத் தேடுங்கள். அவ்விரு எச்சரிக்கையுள் ஒன்று இருந்தாலும் படியை உருவாக்காதே என்று பொறிக்கே ஆணையிட்டு வைத்தல் இன்னும் நன்று. 'இயல்', 'பக்கம்', 'நூற்பா', 'பட்டியல்' என்னும் சொற்களைத் தேடி, அவற்றின் அருகே கையால் அடித்த எண் உளதா என்று பாருங்கள். அதுவே பொறியின் கண்ணுக்குத் தப்பிய மாட்டு.

அதன்பின் பழைய முறைக்கு வருக. ஏடு ஒப்பிட்ட நாளில் ஒருவர் படிக்க மற்றவர் பார்த்தனர். அவ்வாறே ஒருவர் நூலைத் தொடக்கத்திலிருந்து புரட்டி, மாட்டு வந்த இடந்தோறும் உரக்கச் சொல்க. மற்றவர் மற்றொரு படியில் அவ்விடத்தைத் திறந்து, அங்கே உள்ள பொருளின் தலைப்பைப் படித்துக் காட்டுக. ஒரு மாட்டிற்கு இரண்டு நிமையம் என்று வைத்தால், 200 மாட்டுள்ள நூலுக்கு ஏழு மணி நேரம் செல்லும். பள்ளி விடுமுறையில் ஒரு நாள். மேலவகுப்பு மாணவர் இருவரை அமர்த்தினாலும் போதும். ணகர நூற்பா எங்கே, ளகர நூற்பா எங்கே என்பது அவர்களுக்கும் அன்று மனத்திற் பதியும்.